கொல்லைப்புற வழியாக அரண்மனைக்குள்

ஷெனோன்சோ அரண்மனைக்குள் நுழைந்ததும் கூட்டம் மொத்தமும் ராணிகளின் படுக்கையறையைத் தேடி நகரும். நகரட்டும். நீங்கள் கீழே இறங்கும் படியைப் பிடியுங்கள். நாலு படி இறங்கியதுமே காற்று சில்லென்று மாறிவிடும். அடியில் போய் நின்று சன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், அப்பப்பா, கைக்கெட்டும் தூரத்தில் ஆறு ஓடிக்கொண்டிருக்கும்! நீங்கள் நிற்பது ஷேர் நதிக்குள். ஆற்றுப் படுகையில் ஊன்றிய பெருந்தூண்களின் வயிற்றைக் குடைந்து அதற்குள் சமையலறையை வைத்திருக்கிறார்கள். பிரான்சின் ராணிகளுக்கு விருந்து சமைத்த இடம் இதுதான்.

என்ன இடம் அது! தலைக்கு மேலே தாழ்வான கல் வளைவுகள். அரண்மனையிலேயே பெரிய கணப்பு மாடியில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. அதை ஒட்டியே ரொட்டி சுடும் அடுப்பு. பக்கத்தில் இறைச்சி வெட்டும் அறை. வேட்டையில் அடித்ததைத் தொங்கவிடும் கொக்கிகளும், வெட்டி வெட்டிக் குழி விழுந்த கட்டைகளும் இன்னும் இருக்கின்றன. வேலைக்காரர்கள் உட்கார்ந்து சாப்பிடத் தனி அறை. ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்குப் போகக் குட்டியாக ஒரு பாலம். அதைத் தாண்டினால் செம்புப் பாத்திரங்கள் பளபளவென்று வரிசை கட்டி நிற்கும். கீழே படகுத்துறை. சாமான்கள் படகில் வந்து நேரே அடுப்படி வாசலில் இறங்கின. மேலே விருந்தாளிகள் ஒரு மூட்டையைக்கூடக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். எவ்வளவு கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு!

அந்தச் சமையலறையில் கறுகறுவென்று பிரம்மாண்டமான இரும்பு அடுப்பு ஒன்று இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டுச் சமையலறைக்கும் அதற்கும் துளியும் பொருந்தாது. விசாரித்தால், இந்த வீட்டின் கதைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்த கதை வெளியே வருகிறது. சாக்லேட் தொழிலில் பெயர் பெற்ற மெனியே குடும்பம் 1913இல் இந்த அரண்மனையை வாங்கியது. அடுத்த ஆண்டே முதல் உலகப் போர். கஸ்தோன் மெனியே தன் சொந்தச் செலவில் அரண்மனையை மருத்துவமனையாக மாற்றினார். ஆற்றின் குறுக்கே நீண்டு கிடக்கும் கூடம் ஒன்று உண்டு. 60 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 18 சன்னல்கள். ராணி காத்ரீன் த மெடிசி ஆட்டபாட்டத்துக்காகக் கட்டியது. அங்கே வரிசையாகக் கட்டில்கள் வந்தன. குடும்பத்து மருமகள் சிமோன் மெனியே தலைமைச் செவிலியராகப் பொறுப்பேற்றார். 1918 முடியும்வரை 2,254 காயம்பட்ட வீரர்கள் இங்கே சிகிச்சை பெற்றார்கள். அத்தனை பேருக்கும் சமைக்க ராணிகளின் அடுப்பு போதுமா? அதற்காக வந்ததுதான் அந்த இரும்பு அடுப்பு. எழுந்து நடமாட முடியாத வீரர்கள் சன்னல் வழியாகவே ஷேர் நதியில் தூண்டில் போட்டு மீன் பிடித்தார்களாம். காத்ரீனின் எல்லா விருந்துகளையும்விட இந்தத் தூண்டில்காரர்களை நினைத்துத்தான் எனக்குப் பூரிப்பு.

அதே கூடத்துக்கு இரண்டாம் உலகப் போரில் இன்னொரு வேலை வந்தது. 1940இல் பிரான்சை இரண்டாகப் பிரித்த எல்லைக்கோடு ஷேர் நதி வழியே போனது. அரண்மனையின் முன்வாசல் ஜெர்மானியர் பிடித்த பகுதியில். கூடத்தின் தென்கோடிக் கதவைத் திறந்தால் மறுகரை, ஆக்கிரமிக்கப்படாத பகுதி. ஒரு நடனக்கூடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தால் உயிர் பிழைக்கலாம்! அப்படி நடந்து தப்பியவர்கள் உண்டு. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட அந்தத் தரையில் நடக்கும்போது உங்கள் கால் தானாக வேகமெடுக்கும், பாருங்கள்.

லுவார் பள்ளத்தாக்கின் அரண்மனைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் ராஜா, ராணி, ஆசைநாயகி என்று முக்கோணக் காதலில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். அரசர் இரண்டாம் ஹென்றி தன் ஆசைநாயகி தியான் த புவாத்தியேவுக்கு ஷெனோன்சோவைக் கொடுத்தார், 1559இல் ஹென்றி இறந்ததும் விதவை ராணி காத்ரீன் அதைப் பிடுங்கிக்கொண்டு பதிலுக்கு ஷோமோன் அரண்மனையைக் கொடுத்தார். சுவையான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வீடுகள் எப்படி ஓடின, யார் ஓட்டினார்கள் என்பதெல்லாம் அடுப்படியிலும் லாயத்திலும் கூரைப் பரணிலும் அல்லவா தெரிகிறது? கட்டிய கதையையே பாருங்கள். 1513 முதல் 1521 வரை ஷெனோன்சோவைக் கட்டியது அரசாங்க நிதி அதிகாரியான தோமா பொஹியே என்று பெயர். அவர் பெரும்பாலும் இத்தாலியப் போர்களில் இருந்தார். வேலையிடத்தில் நின்று கட்டடத்தை எழுப்பியவர் அவர் மனைவி காத்ரீன் பிரிசோனே. சுழல் படிக்கட்டே வழக்கமாக இருந்த நாட்டில் நேராக ஏறும் படிக்கட்டை வைத்த முதல் வீடுகளில் இது ஒன்று.

ஊரைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லுவார் பிரான்சின் மிக நீளமான ஆறு, ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். மணல் திட்டும் நாணலுமாக அகன்று, அவசரமே இல்லாமல் போகும் ஆறு. சுய்லி முதல் ஷலோன் வரை சுமார் 280 கிலோமீட்டர் நீளத்தை 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. திராட்சைத் தோட்டம், கோதுமை வயல், சின்னச் சின்ன ஊர்கள், நடுநடுவே ஷேர், அந்த்ர் போன்ற துணையாறுகள். எந்தத் திருப்பத்தில் திரும்பினாலும் ஒரு வெள்ளை அரண்மனை.

வெள்ளைக்குக் காரணம் துஃபோ என்ற சுண்ணாம்புக் கல். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. ரம்பத்தால் அறுக்கலாம், அவ்வளவு மெது. இங்கே கல்லில் பூவும் கொடியும் பல்லியும் இவ்வளவு தாராளமாகப் பூத்திருப்பது அதனால்தான். ஆற்றோரக் குன்றுகளைக் குடைந்து இந்தக் கல்லை எடுத்தார்கள், தட்டையான அடி கொண்ட படகுகளில் ஏற்றி அனுப்பினார்கள். கல் எடுத்த குகைகள் வீணாகவில்லை. மனிதர்கள் குடியேறினார்கள், திராட்சை மது பழுக்க வைத்தார்கள், காளான் வளர்த்தார்கள். இன்றும் வளர்க்கிறார்கள்! மெதுவான கல்லுக்கு ஒரு குறை: தண்ணீரை உறிஞ்சும், காலப்போக்கில் மேல்தோல் உரியும். எனவே இங்கே ஏதாவது ஓர் அரண்மனையில் எப்போதும் சாரம் கட்டியிருக்கும். கெட்டுப்போன கல்லை மட்டும் வெட்டியெடுத்து அதே அளவில் புதுக்கல்லைப் பொருத்துவார்கள். படம் எடுக்க வந்தவர்கள் சாரத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். எனக்கோ சாரம் கண்ணில் பட்டால் திருவிழா. ஐந்நூறு வருஷத்து வேலை இன்னும் முடியாமல் நடந்துகொண்டிருப்பதை வேறெங்கே பார்க்க முடியும்?

அந்த்ர் நதியின் தீவு ஒன்றில் நிற்கும் அஸே-லெ-ரிதோவுக்கு வாருங்கள், இங்கே நாம் கூரைக்குள் போகப் போகிறோம். 2014 தொடங்கி மூன்றாண்டுகள் பெரிய பழுதுபார்ப்பு நடந்த அரண்மனை இது. கீழே தண்ணீரில் பிம்பம் விழும் காட்சியைத்தான் எல்லாப் படத்திலும் பார்த்திருப்பீர்கள். மேலே ஏறிப் பரணுக்குள் தலையை நீட்டுங்கள். ஓக் மர விட்டங்களும் கைமரங்களும் காடு மாதிரி எழுந்து உச்சியில் கூடி நிற்கின்றன! பொளித்து, கோத்து, மர முளை அடித்து இறுக்கிய வேலை. தச்சர்களுக்குக் கை எடுத்துக் கும்பிடத் தோன்றும். இந்த வீட்டிலும் அதே கதை: சொந்தக்காரர் கில் பெர்த்தெலோ அரசாங்கக் கணக்கில் மூழ்கிக் கிடந்தார், கட்டுமானத்தை மேற்பார்த்தவர் மனைவி பிலிப்பா. 1520களின் கடைசியில் நிதி ஊழல் விசாரணை நெருங்க, பெர்த்தெலோ நாட்டைவிட்டே ஓடிவிட்டார். பாதியில் நின்ற வீட்டை அரசர் முதலாம் பிரான்சுவா பறிமுதல் செய்தார். பிலிப்பாவின் அறையை அந்தக் காலத்துப்படியே மீட்டெடுத்திருக்கிறார்கள். சுவர் முழுக்க நாணல் பாய்! நம்மூர்க் கோரைப்பாயைப் பிரித்துத் தரையிலிருந்து கூரைவரை சுவரில் ஒட்டினால் எப்படி இருக்கும், அப்படி. கல்வீட்டின் குளிரைத் தடுக்க அன்றைய பணக்காரர்கள் கண்ட உபாயம். அறைக்குள் நுழைந்ததும் உலர்ந்த புல்லின் வாசம் வருகிறது. தங்கமுலாம் பூசிய எந்தக் கூடமும் எனக்கு அந்த வாசத்துக்கு ஈடில்லை.

இனி பெரிய ராட்சசன், ஷாம்போர். 1519இல் தொடங்கியது. 426 அறைகள், 282 கணப்புகள், 77 படிக்கட்டுகள். சுற்றிலும் காடு, காட்டைச் சுற்றி 32 கிலோமீட்டர் மதில். மதிலுக்குள் இருக்கும் நிலம் பாரிஸ் நகரத்தின் பரப்பளவில் சுமார் பாதி. இதைக் கட்டத் தொடங்கிய முதலாம் பிரான்சுவா 32 ஆண்டுகள் ஆண்டார்; இந்த அரண்மனையில் அவர் தங்கியது எல்லாம் சேர்த்து 72 நாள்தான்! கதவைத் திறந்தால் அதற்குக் காரணம் புரியும். அரண்மனை காலி. அன்றைய அரசவை நாடோடிக் கூட்டம். ஆயிரக்கணக்கான ஆட்களும் குதிரைகளும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்க்கொண்டே இருப்பார்கள். கட்டில், நாற்காலி, சுவரில் தொங்கவிடும் நெய்த ஓவியத் திரைகள், பாத்திரம் எல்லாம் வண்டியில் ஏறிக் கூடவே வரும். மடக்குக் கட்டில், கழற்றிப் பூட்டும் மேசை என்று எல்லாமே பயணத்துக்கு ஏற்ற சாமான்கள். அரசர் வரும் முன் ஒரு கூட்டம் பாய்ந்துவந்து காலி அறைகளை அரண்மனையாக்கும். கிளம்பியதும் இன்னொரு கூட்டம் அத்தனையையும் சுருட்டும். அந்தச் சுருட்டலை ஒரு நாள் கூட இருந்து பார்க்கக் கிடைத்தால் என்ன தரமாட்டேன்!

ஷாம்போரின் நடுவே இரட்டைச் சுழல் படிக்கட்டு. ஒன்றுக்குள் ஒன்று பின்னிய இரண்டு படிவரிசைகள். நீங்கள் ஒன்றில் ஏறுங்கள், உங்கள் நண்பர் மற்றதில் இறங்கட்டும். நடுத்தண்டில் இருக்கும் சன்னல் வழியாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள், சந்திக்கவே மாட்டீர்கள்! குழந்தைகள் இதில் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள், பெரியவர்களும்தான். லியனார்டோ டா வின்சியின் மூளையில் உதித்தது என்று பலர் நம்புகிறார்கள். பிரான்சுவா அழைத்து 1516இல் பக்கத்து அம்புவாஸ் ஊருக்கு வந்து தங்கியவர் அவர். ஆனால் 1519 மே 2 அன்று, இங்கே அடிக்கல் விழும் முன்பே இறந்துவிட்டார். வரைபடம் எதுவும் கிடைக்கவில்லை. அவருடைய ஏடுகளில் இரட்டைப் படிக்கட்டுகள் உண்டு என்பதால் நானும் நம்புகிறவர்கள் பக்கம்தான்.

மேலே ஏறி மொட்டைமாடிக்கு வந்தால் நீங்கள் நிற்பது ஒரு குட்டி நகரத்தில். புகைபோக்கிகள், மாடங்கள், கூம்புகள், சந்துகள்! நடுவில் விளக்குக் கோபுரம், தரையிலிருந்து 56 மீட்டர். வெள்ளைக் கல்லில் கறுப்பு வட்டமும் சாய்சதுரமும் பதித்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து இத்தாலியக் கறுப்புப் பளிங்கு என்றே தோன்றும். கிட்டப் போய்த் தடவிப் பாருங்கள், கூரை வேயும் அதே சிலேட்டுக் கல்! கையில் இருந்ததை வைத்து இத்தாலியைச் செய்துகாட்டிய அந்தக் கொத்தர்கள் அரசரைவிடப் பெரியவர்கள்.

வெறுமையாகக் கிடந்த இந்த மாளிகை ஒருமுறை உலகத்திலேயே நிறைந்த வீடாகவும் ஆனது. 1939 ஆகஸ்ட் கடைசியில், போர் வரும் என்று தெரிந்ததும், பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தைக் காலி செய்தார்கள். மரப்பெட்டிகளில் அடைத்த ஓவியங்கள் லாரி லாரியாக ஷாம்போருக்கு வந்து இறங்கின. முதலில் வந்தவற்றில் மோனாலிசாவும் இருந்தாள்! லியனார்டோ அந்த ஓவியத்தோடுதான் இத்தாலியிலிருந்து லுவார் கரைக்கு வந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். சில மாதங்களில் அவளை வேறு அரண்மனைக்கு மாற்றிவிட்டார்கள், பிறகு வேறு இடங்களுக்கு. ஷாம்போரோ போர் முடியும்வரை பெட்டிகளின் கிடங்காக நின்று காவல் காத்தது.

புளுவா அரண்மனையில் ஓர் அறைக்கு மட்டும் அவசரமாக ஓடிவிட்டு வருவோம். காத்ரீன் த மெடிசியின் சின்ன அறை. சுவரில் செதுக்கிய 237 மரப்பலகைகள். அவற்றில் நான்கு பலகைகள் பொய்! சுவரோரம் தரையை ஒட்டி மறைந்திருக்கும் மிதியை அழுத்தினால் பலகை திறந்து ரகசிய அலமாரி தெரியும். விஷம் வைத்திருந்தார் என்று நாவலாசிரியர்கள் எழுதிவிட்டார்கள். நகையும் காகிதமும் கலைப்பொருளும் வைத்திருப்பார் என்பதே நம்பத்தக்கது. எதை வைத்தாலும் சரி, அந்த மிதி 'டக்' என்று இறங்கும்போது உள்ளங்கால் கூசும். அம்புவாஸ் அரண்மனையிலோ பெரிய கோபுரங்களுக்குள் படிக்கட்டுக்குப் பதில் சரிவுப் பாதை சுழன்று ஏறுகிறது. குதிரையும் வண்டியும் ஆற்றங்கரையிலிருந்து நேரே அரண்மனை முற்றத்துக்கு ஏறி வரும். அகலத்தைப் பார்த்தால் இன்றைக்குக் காரே ஏறிவிடும்.

லாயம் என்றால் ஷோமோன்தான், வேறு பேச்சே இல்லை. சர்க்கரை ஆலைச் சீமாட்டி மரி சே பதினெட்டு வயதுகூட நிரம்பாதபோது 1875இல் இந்த அரண்மனையை வாங்கி, அதே ஆண்டு இளவரசர் அமேதே த புரோய்யைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டே ஆண்டில் கட்டடக் கலைஞர் போல்-எர்னஸ்ட் சான்சோன் கட்டித்தந்த லாயம், பல பேருடைய பங்களாவைவிட ஆடம்பரம். குதிரைகளுக்குத் தனிச் சமையலறை! சேணங்கள் வைக்க ஒரு கண்ணாடி அலமாரி அறை, சேணங்களில் ஹெர்மேஸ் நிறுவனத்தின் கைவேலையும் உண்டு. மண்பாண்டம் சுட்ட பழைய சூளைக் கோபுரம் ஒன்று சும்மா கிடக்க, குழந்தைகள் மட்டக்குதிரை ஓட்டிப் பழகும் வட்ட மைதானமாக மாற்றிவிட்டார்கள்.

அந்த லாயத்துக்கு 1898இல் வந்து சேர்ந்தாள் ஒரு விருந்தாளி: மிஸ் பன்ஜி. யானை! இந்தியாவிலிருந்து, கபுர்தலா மகாராஜா கொடுத்த பரிசு. திராட்சைக் கொடிகளுக்கும் வெள்ளை வீடுகளுக்கும் நடுவில், லுவார் கரையில் ஒரு யானை அசைந்து அசைந்து நடந்ததை அந்த ஊர்க்காரர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்! பின்னால் அவள் பாரிசின் விலங்குப் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தாள். அந்தக் குளிரில் அவள் பட்டதை நினைத்தால் மனசு பாரமாகிறது. இளவரசியின் ஆசைக்கு ஊரே இடம்பெயர்ந்ததும் உண்டு. பூங்கா அமைக்க அரண்மனையைச் சுற்றியிருந்த வீடுகளையும் தேவாலயத்தையும் இடித்து ஆற்றங்கரையில் புதிதாகக் கட்டினார்கள். பிற்பாடு சொத்து கரைந்து, 1938இல் அரண்மனை அரசாங்கத்திடம் போனது. இன்று அந்தப் பூங்காவில், 1992 முதல், ஆண்டுதோறும் தோட்டக்கலைத் திருவிழா நடக்கிறது. அங்கே புதுத் தோட்டங்களைப் பார்க்கத் திரளும் கூட்டத்தில் பாதி லாயத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. தவறவிடாதீர்கள்!

டின்டின் படித்தவர்களே, ஷெவெர்னிக்கு வாருங்கள். கேப்டன் ஹேடாக்கின் மாளிகையை ஹெர்ஜே வரைந்தது இதைப் பார்த்துத்தான். இரண்டு பக்கமும் இருக்கும் மண்டபங்களை மட்டும் கழித்துவிட்டார். இடையில் சில காலம் கைமாறியது தவிர, ஆறு நூற்றாண்டுக்கு மேலாக ஒரே குடும்பத்தின் சொத்து, அவர்கள் இன்றும் அங்கேயே வசிக்கிறார்கள். இதன் கல் வந்தது பூரே என்ற ஊரின் குகைகளிலிருந்து. வயதாக ஆக இன்னும் வெளுக்கும், இன்னும் இறுகும் கல். வளாகத்தில் நூறு வேட்டை நாய்கள். பிற்பகலில் போகாதீர்கள், கோடையில் முற்பகல் பதினொன்றரைக்குப் போங்கள். சாப்பாட்டு நேரம்! பராமரிப்பவர் தீனியைத் தரையில் நீளமாகப் பரப்புகிறார். நூறு நாய்களும் துடிக்கின்றன, வாலும் காதுமாக ஓர் அலை. ஆனால் அவர் கை இறங்கும்வரை ஒன்றுகூட வாய் வைப்பதில்லை. கை இறங்கியதும் புயல், சில நிமிடத்தில் தரை துடைத்தமாதிரி சுத்தம். மானை விரட்டும் வேட்டை இன்னும் இங்கே நடக்கிறது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அந்த மனிதருக்கும் நாய்களுக்கும் இடையில் இருக்கும் புரிதலை மட்டும் எத்தனை நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வில்லாந்த்ரியில் அரண்மனையைவிடக் காய்கறித் தோட்டம் புகழ்பெற்றது. ஒன்பது பெருஞ்சதுரங்களில் முட்டைக்கோசும் பீட்ரூட்டும் கோலம் போட்டிருக்கின்றன, ஆண்டுக்கு இருமுறை எல்லாம் மாற்றி நடப்படும். 1906இல் இதை வாங்கிய ஸ்பானிய மருத்துவ ஆய்வாளர் ஹொவாக்கின் கார்வாயோவும் அவருடைய அமெரிக்க மனைவி ஆன் கோல்மனும் மீட்டெடுத்த தோட்டம். களையைக் கையால்தான் பிடுங்குகிறார்கள். குளிர்காலத்தில் போனால் பூ இருக்காது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட லிண்டன் மரங்களைத் தோட்டக்காரர்கள் ஏணி போட்டுக் கிளை கிளையாக வெட்டிச் சீர்செய்வதைப் பார்க்கலாம். நான் குளிர்காலத்துக்கே ஓட்டுப் போடுவேன்.

கடைசியாக பிரெஸே, சோமுய்ர் ஊருக்குப் பக்கம். வெளியே பார்த்தால் நாகரிகமான வெள்ளை மாளிகை. சுற்றிலும் தண்ணீரில்லாத அகழி, எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் ஆழம். அகழிக்குள் இறங்கிச் சுவரில் இருக்கும் வாசலில் நுழையுங்கள். மேலே ஓர் அரண்மனை, அடியில் இன்னோர் அரண்மனை! பாறையைக் குடைந்த கூடங்கள், எதிரியைத் தடுக்கும் காவல் வழிகள், திராட்சை பிழியும் செக்குகள், ஒரு படையே சாப்பிடும் அளவுக்கு ரொட்டி சுட்ட பாதாள அடுமனை. அடுப்பில் தீ எரியும்போது அதன் வெப்பத்தில் மாவு புளிப்பதற்குத் தனி அறையே வைத்திருக்கிறார்கள். மேலே நிற்கும் மாளிகையின் கல் இந்தப் பள்ளத்திலிருந்து வெட்டியதுதான். வெட்ட வெட்ட மேலே வீடும் கீழே வீடும் ஒரே நேரத்தில் வளர்ந்தன. சுரங்கம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது, கோடையிலும் குளிரும். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், பட்டுப்புழு வளர்த்த அறை எந்தப் பக்கம் என்று வாசலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.